கை கழுவிய மனிதர்

திருச்சியில் என் சித்தப்பாவுக்கு ஒரு மோட்டார் ரிப்பேர் ஷெட் இருந்தது. ஷெட் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு வேப்பமரம், அதை ஒட்டி நாலு தகரம், எப்போதும் பாதி பிரித்த நிலையில் ஒரு அம்பாஸடர் கார், அவ்வளவுதான். 1980-களின் கடைசியில், கோடை விடுமுறை வந்தால் நான் அங்கேயேதான் கிடப்பேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் சித்தப்பா ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி, அதில் பழைய பனியன் துணியை நனைத்து முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார்.

"இந்தக் கிரீஸ் சோப்புக்கெல்லாம் மசியாதுடா. இதுக்குத்தான் மசியும்" என்பார்.

நானும் அவர் பிள்ளையும் கையை நீட்டுவோம். எங்கள் உள்ளங்கையிலும் ஒரு சொட்டு ஊற்றுவார். சில்லென்று இருக்கும். வாயால் ஊதினால் இன்னும் சில்லென்று ஆகும். அந்த வாசனையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றால் லேசாகத் தலை சுற்றும். அதற்காகவே மறுபடியும் கையை நீட்டுவோம்.

பல வருஷங்கள் கழித்து, ஒரு நாவலுக்காக மோட்டார்த் தொழில் பற்றிப் படிக்க நேர்ந்தது. அப்போது இன்னொரு மனிதர் கை கழுவிய கதை என் கண்ணில் பட்டது. அவரும் மோட்டார் எஞ்சினோடு மல்லாடியவர்தான். 1924-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி, நியூயார்க்கில் பத்திரிகை நிருபர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஒரு திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். பிறகு அந்தப் புட்டியை மூக்குக்கு அருகில் பிடித்து ஒரு நிமிஷ நேரம் முகர்ந்தார். தினமும் இப்படிச் செய்தாலும் தமக்கு ஒன்றும் ஆகாது என்றார். அந்தத் திரவத்தின் பெயர் டெட்ரா எதில் லெட். அது காரீயம் சேர்ந்த ஒரு ரசாயனம். அந்த மனிதரின் பெயர் தாமஸ் மிட்ஜ்லி.

கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு காட்சி கிடைத்தால் விட மனம் வராது. அதன் முன்னும் பின்னும் துருவித் துருவிப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லுகிறேன். ரசாயனத்தோடு எனக்கு உள்ள பழக்கம் கல்லூரியில் இரண்டு வருஷப் பழக்கம்தான். ஆகையால் பயப்பட வேண்டாம். எனக்கே புரிந்ததென்றால் வாசகர்களுக்கு நிச்சயம் புரியும்.

*

மலைப் பாதையில் பழைய கார் ஒன்று மூச்சுத் திணறி ஏறும்போது எஞ்சினுக்குள்ளிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம் வரும். சுத்தியலால் யாரோ உள்ளே தட்டுவது போலிருக்கும். 'நாக் அடிக்கிறது' என்று மெக்கானிக்குகள் சொல்லுவார்கள். நம் கதை முழுவதும் இந்தச் சத்தத்திலிருந்து பிறந்ததுதான்.

எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து வருகின்றன. பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை நெருக்குகிறது. சரியான தருணத்தில் பிளக்கில் ஒரு பொறி தட்டுகிறது. அறுவடை முடிந்த வயலில் ஒரு மூலையில் தீ வைத்தால் அது வரிசையாகப் பரவி மறு மூலைக்குப் போவதில்லையா? அது போலத்தான் சிலிண்டருக்குள்ளும் தீ பரவ வேண்டும். பரவினால் பிஸ்டனைச் சீராகக் கீழே தள்ளும். ஆனால் கலவையை அளவுக்கு மீறி நெருக்கினால் சூடு ஏறிவிடுகிறது. தீ வந்து சேருவதற்கு முன்பே மறு மூலையில் இருக்கும் கலவை தானாகப் பற்றி வெடிக்கிறது. அந்த வெடிதான் நாம் கேட்கும் 'டக் டக்'. அது நீடித்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், கலவையை எவ்வளவுக்கெவ்வளவு நெருக்குகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு எஞ்சினுக்குச் சக்தி அதிகம், பெட்ரோலும் மிச்சம். 1920-களின் ஆரம்பத்தில் சாதாரணக் கார்களில் கலவையைச் சுமார் நாலில் ஒரு பங்காகத்தான் நெருக்க முடிந்தது. அதற்கு மேல் போனால் நாக் வந்து மறித்தது. காரில் ஏறி உலகத்தைச் சுற்றிவிடலாம் என்று கிளம்பிய அமெரிக்கா இந்தச் சின்னச் சத்தத்தின் முன்னால் கை கட்டி நின்றது.

சார்லஸ் கெட்டரிங் என்று ஒரு மேதாவி இருந்தார். கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றிக் காரைக் கிளப்ப வேண்டிய தொல்லையை ஒழித்து, பொத்தானை அழுத்தினால் கிளம்பும்படி செய்தவர் அவர். 1912-ம் வருஷத்துக் கேடிலாக் காரில் அது வந்தது. நாக் அடிப்பதற்கு அவருடைய பாட்டரி ஏற்பாடுதான் காரணம் என்று சிலர் பழி சொன்னார்கள். பழியைத் துடைக்க வேண்டுமல்லவா? 1916-ல் ஓஹையோ மாகாணத்து டேட்டன் நகரில், தம்மிடம் வேலைக்குச் சேர்ந்திருந்த மிட்ஜ்லியிடம் அந்தக் காரியத்தை ஒப்படைத்தார். மிட்ஜ்லிக்கு அப்போது இருபத்தேழு வயது. அவர் ரசாயனம் படித்தவரே அல்ல, இயந்திர எஞ்சினீயர்.

ரசாயனம் தெரியாததே அவருக்கு அதிர்ஷ்டமாயிற்று. அமெரிக்கக் காடுகளில் ஒரு கொடி உண்டு. அதன் இலையின் அடிப்புறம் சிவப்பு. பனி விலகுமுன்பே அது பூத்துவிடும். சிவப்பு நிறம் சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொள்வதால்தான் அப்படிப் பூக்கிறது போலும் என்று கெட்டரிங்கும் மிட்ஜ்லியும் பேசிக்கொண்டார்கள். அப்படியானால் எரிபொருளுக்கும் சிவப்புச் சாயம் ஏற்றிப் பார்த்தால் என்ன? சாயம் தேடினார்கள், கிடைக்கவில்லை. கைக்குக் கிடைத்தது அயோடின். அதைக் கலந்து நிறமேற்றி எஞ்சினை ஓட்டினால், ஆச்சரியம்! சத்தம் அடங்கிவிட்டது. பிறகு நிஜமான சாயங்களை வாங்கி வந்து கலந்து பார்த்தார்கள். ஒன்றிலும் அடங்கவில்லை. ஆக, அவர்களுடைய சித்தாந்தம் அடியோடு தப்பு. கிடைத்த பலன் மட்டும் நிஜம். ஏதோ ஒரு வஸ்துவைத் துளி சேர்த்தால் எரிகிற விதத்தையே மாற்றிவிடலாம் என்பது தெரிந்துபோயிற்று.

அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரிக்கும். ஆகவே வேட்டை தொடர்ந்தது. ஐந்து வருஷம் என்னென்னவோ கலந்து பார்த்தார்கள். அனிலின் கொஞ்சம் பயன்பட்டது. செலினியம், டெலூரியம் வகைகள் நன்றாகப் பயன்பட்டன. ஆனால் டெலூரியத்தின் நாற்றம், பூண்டைப் பத்து நாள் ஊறவைத்த நாற்றம். உடம்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு எத்தனை குளித்தாலும் போகாது. கடைசியில் மூலகங்களின் அட்டவணையைச் சுவரில் வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாக இறங்கி வந்தார்கள். 1921 டிசம்பர் 9-ந் தேதி ஈயத்தின் கட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். டெட்ரா எதில் லெட்டைக் கலந்து எஞ்சினை முடுக்கினார்கள். அது பூனை மாதிரி ஓடிற்று.

எவ்வளவு கலந்தால் போதும் தெரியுமா? ஓர் அமெரிக்கக் காலன், அதாவது ஏறக்குறைய மூன்றே முக்கால் லிட்டர் பெட்ரோலுக்கு, 3 கன சென்டிமீட்டர். ஒரு தேக்கரண்டி கூட நிரம்பாது. எரிகிற சூட்டில் அந்த ரசாயனம் உடைந்து, ஈயத்தின் மிக நுண்ணிய துகள்களாகிறது. கலவை தானாகப் பற்றிக்கொள்வதற்கு முன்னால் அதற்குள் சங்கிலித் தொடராக நடக்கும் ரசாயன மாறுதல்களில் அந்தத் துகள்கள் குறுக்கே விழுந்து சங்கிலியை அறுத்துவிடுகின்றன. தீ வந்து சேரும் வரையில் மறு மூலை பொறுமையாகக் காத்திருக்கிறது.

*

நம் வீடுகளில் ஈயச்சொம்பில் ரசம் வைப்பார்கள். அது வெள்ளீயம், வேறு உலோகம். மீன் வலையில் கட்டும் குண்டும் துப்பாக்கி ரவையும் காரீயம். காரீயம் விஷம் என்பது 1921-ல் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய சங்கதியாக இருக்கவில்லை. பெயிண்ட் வேலைக்காரர்களையும் அச்சுக் கோப்பவர்களையும் அது வதைத்தது எல்லோருக்கும் தெரியும். டெட்ரா எதில் லெட்டை ஜெர்மன் ரசாயனிகள் 1850-களிலேயே தயாரித்திருந்தார்கள். அது தோல் வழியாகவே உடம்பில் இறங்கி மூளையைத் தாக்கக்கூடியது.

வேறு வழி இல்லையா என்றால், இருந்தது. சாராயம்தான். ஆல்கஹாலைப் பெட்ரோலில் கலந்தால் நாக் அடங்கும் என்பது மிட்ஜ்லிக்கு நன்றாகத் தெரியும். 1921 அக்டோபரில் ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் காரை ஓட்டி எஞ்சினீயர்கள் கூட்டத்தில் அவரே காட்டியிருக்கிறார். ஆனால் அது பத்தில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ கலக்க வேண்டும். அவ்வளவு ஆல்கஹாலை அப்போது எங்கே தேடுவது? தவிர, எந்தக் குடியானவனும் வடித்துவிடக்கூடிய சரக்குக்கு யார் பேட்டன்ட் உரிமை கொண்டாட முடியும்? ஈயத்துக்கோ தேக்கரண்டி போதும், உரிமையும் கையில். ஜெனரல் மோட்டார்ஸும் ஸ்டாண்டர்ட் ஆயில் நியூஜெர்ஸி கம்பெனியும் சேர்ந்து 1924-ல் எதில் என்ற பெயரில் ஒரு கம்பெனியே ஆரம்பித்துவிட்டன. 'எதில்' என்பது பெண்பிள்ளைக்கு வைக்கிற பெயர் மாதிரி அழகாக இருந்தது. பெயரில் இருந்த 'லெட்'டை மட்டும், அதாவது ஈயத்தை மட்டும், சாமர்த்தியமாக நறுக்கிவிட்டார்கள்.

1923 பிப்ரவரியில் டேட்டன் நகரத்துப் பெட்ரோல் பங்க் ஒன்றில் முதல் விற்பனை நடந்தது. அதே வருஷம் மே மாதம் இண்டியானாபோலிஸில் நடந்த 500 மைல் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களுக்கு வந்த கார்களும் எதில் பெட்ரோல் போட்டு ஓடியவை. விளம்பரத்துக்குச் சொல்ல வேண்டுமா!

ஒரு சின்னத் தொல்லை மட்டும் மிச்சமிருந்தது. எரிந்த ஈயம் எஞ்சினுக்குள்ளேயே படிந்து வால்வையும் பிளக்கையும் கெடுத்தது. அதற்கும் மருந்து கண்டுபிடித்தார்கள். புரோமின் சேர்ந்த ஒரு சரக்கை உடன் கலந்தால், ஈயம் அதோடு கூடி ஆவியாகி, புகைக் குழாய் வழியாக வெளியே போய்விடும். அந்தப் புரோமினைக் கடல் நீரிலிருந்தே பிரித்தெடுக்கும் தொழிற்சாலை ஒன்று 1934-ல் வட கரோலினாவின் கரையில் எழும்பிற்று. எஞ்சின் சுத்தமாயிற்று. வெளியே போன ஈயம் எங்கே போகும்? தெருவுக்குப் போகும். தெருவில் விளையாடுகிற குழந்தையின் கைக்குப் போகும். இந்தக் கேள்வியைக் கேட்க எஞ்சினீயருடைய படிப்பு வேண்டியதில்லை. வீடு பெருக்குகிற எந்த ஸ்திரீயும் கேட்டிருப்பாள்.

*

முதலில் பலியானவர்கள் குழந்தைகள் அல்ல, தொழிலாளிகள். டேட்டனில் இரண்டு பேர் இறந்தார்கள். நியூஜெர்ஸியில் டூபாண்ட் கம்பெனியின் தொழிற்சாலையில், இல்லாத பூச்சிகளை ஆகாயத்தில் கையால் விரட்டிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து, சக தொழிலாளிகள் அந்தக் கட்டடத்துக்குப் 'பட்டாம்பூச்சி வீடு' என்றே பெயர் வைத்தார்கள். 1924 அக்டோபர் கடைசியில், அதே மாகாணத்தில் பேவே என்ற இடத்து ஸ்டாண்டர்ட் ஆயில் தொழிற்சாலையில் பெரிய விபரீதம் நடந்தது. சில நாட்களுக்குள் 5 பேர் சித்தப் பிரமை கண்டு, கட்டிப் போட வேண்டிய நிலைமையில் செத்தார்கள். மேலும் 35 பேர் வரையில் நோயில் விழுந்தார்கள். பத்திரிகைகள் அதைப் 'பைத்திய வாயு' என்று எழுதின. நியூயார்க் முதலிய சில நகரங்கள் விற்பனையைத் தடை செய்தன.

நிருபர்கள் நடுவில் மிட்ஜ்லி கை கழுவியது இந்தச் சந்தர்ப்பத்தில்தான்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணம் இதுதான். 1923-ம் வருஷத் தொடக்கத்தில், அதாவது கை கழுவுவதற்கு இரண்டு வருஷத்துக்குள்ளாக, மிட்ஜ்லியே ஈய விஷத்தால் பாதிக்கப்பட்டு, வேலையை விட்டுவிட்டு, நல்ல காற்றுக்காக ஃப்ளோரிடாவுக்குப் போய்ப் பல வாரம் இருந்துவிட்டு வந்தவர். அந்தப் புட்டிக்குள் இருப்பது என்னவென்று அந்த அறையில் இருந்த வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கழுவினார். இதைத் துணிச்சல் என்பதா, பொய் என்பதா? என் நாவலில் இப்படி ஒரு பாத்திரத்தை எழுதினால், 'இயற்கையாக இல்லை' என்று விமரிசகர்கள் கண்டித்திருப்பார்கள்.

1925 மே 20-ந் தேதி வாஷிங்டனில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைவர் ஒரு மாநாடு கூட்டினார். விற்பனையைக் கம்பெனி தானாகவே நிறுத்தி வைத்திருந்தது. கம்பெனியின் பிரதிநிதி ஒருவர், ஈயப் பெட்ரோல் ஏறக்குறைய கடவுள் கொடுத்த வரம், அதைச் சந்தேகத்தின் பேரில் எறிந்துவிட முடியுமா என்று பேசினார். எதிர்த்துப் பேசியவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் யேல் சர்வகலாசாலையின் யாண்டெல் ஹெண்டர்ஸன். மற்றவர் ஆலிஸ் ஹாமில்டன். ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஆசிரியராக நியமிக்கப்பட்ட முதல் பெண்மணி அவர். தொழிற்சாலைகளுக்குள் தாமே நுழைந்து தொழிலாளிகளின் நோய்களை ஆராய்ந்தவர். தொழிற்சாலையைக் காபந்து செய்யலாம். நாடு முழுவதும் உள்ள தெருக்களை எப்படிக் காபந்து செய்வீர்கள் என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம்.

பிறகு ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி 252 பேரைப் பரிசோதித்து, 1926 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. தடை செய்யப் போதிய காரணம் இப்போது தென்படவில்லை; ஆனால் வருஷக் கணக்கில் பழகினால் என்ன ஆகும் என்பது தெரியாது, ஆகையால் சர்க்கார் பணத்தில் ஆராய்ச்சி தொடர வேண்டும் என்றது. இதில் முதல் பாதியை எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதி காற்றில் போயிற்று. விற்பனை மறுபடி ஆரம்பமாயிற்று. 1936-க்குள் அமெரிக்காவில் விற்ற பெட்ரோலில் பத்தில் ஒன்பது பங்கு ஈயப் பெட்ரோல்.

அடுத்த நாற்பது வருஷம் ஈயத்தைப் பற்றி ஆராய்ந்தவர் ராபர்ட் கீஹோ என்ற டாக்டர். அவருடைய ஆராய்ச்சிசாலை ஸின்ஸினாட்டியில் இருந்தது. பணம் கொடுத்தவர்கள் ஈயம் விற்றவர்கள். தொழிற்சாலைகளில் சாவு குறைந்ததற்கு அவர் செய்த பாதுகாப்பு ஏற்பாடுகள் காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வெளியே இருக்கும் ஜனங்களைப் பற்றி அவர் சொன்னது வேறு. ஈயம் எல்லார் உடம்பிலும் இயற்கையாகவே இருப்பது. ஒரு வரம்புக்குள் இருந்தால் உடம்பு அதைக் கழித்துவிடும். கெடுதல் என்று சொல்லுகிறவர்கள் நிரூபித்துக் காட்டட்டும் என்றார். நிரூபிப்பதற்கு வேண்டிய ஆராய்ச்சிசாலையோ அவர் கையில். 'பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்' என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

ஈயத்தினால் நன்மையே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. 1940-ல் இங்கிலாந்தின் வானத்தில் ஜெர்மன் விமானங்களை எதிர்த்துப் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்குக் கூடுதல் வலுவைக் கொடுத்தது ஈயம் கலந்த உயர்தரப் பெட்ரோல். 1960-களில் அமெரிக்கக் கார்கள் கலவையைப் பத்தில் ஒரு பங்காக நெருக்கிப் பறந்ததும் அதனால்தான். வரம் என்று சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. வரத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதைத்தான் சொல்லாமல் விட்டார்கள்.

*

இந்தக் கோட்டையில் முதல் விரிசல் விழுந்த விதம் வேடிக்கையானது. கிளேர் பாட்டர்ஸன் என்று ஒரு விஞ்ஞானி. அவருக்குப் பெட்ரோலைப் பற்றிக் கவலையே கிடையாது. பூமியின் வயது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் அவர் ஆசை. யுரேனியம் காலக்கிரமத்தில் ஈயமாக மாறுகிறது. ஆகவே ஆகாயத்திலிருந்து விழுந்த விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும். ஆனால் அளக்க அளக்கக் கணக்கு இடித்தது. காரணம், எங்கே பார்த்தாலும் ஈயம்! மேஜையில் ஈயம், தண்ணீரில் ஈயம், தம் தலைமயிரில் ஈயம். கலிபோர்னியாவில் அவர் ஓர் அறையை மடப்பள்ளியைவிட ஆசாரமாகச் சுத்தப்படுத்தி, காற்றைக்கூட வடிகட்டி உள்ளே விட்டு, கடைசியில் பூமியின் வயது 455 கோடி வருஷம் என்று 1956-ல் பிரசுரித்தார். அந்தக் கணக்கு இன்றும் நிற்கிறது.

வேறு யாராவது இருந்தால் அந்தப் புகழோடு திருப்தியடைந்திருப்பார்கள். பாட்டர்ஸனுக்கோ அந்தத் தூசி உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது? கடல் நீரை அளந்தார். ஆழத்தில் குறைவு, மேற்பரப்பில் அதிகம். ஆகவே அது சமீபத்தில் மேலிருந்து விழுந்தது. 1965-ல் அவர் எழுதிய கட்டுரையில், அமெரிக்கர் உடம்பில் இருக்கும் ஈயம் இயற்கையான அளவைப்போல் சுமார் நூறு மடங்கு என்று கணித்தார். கீஹோ 'இயற்கை' என்று சொன்னது இயற்கையே அல்ல. எல்லோரிடமும் இருப்பதனால் மட்டும் ஒன்று இயற்கையாகிவிடாது என்றார். பிறகு கிரீன்லாந்துப் பனியை வெட்டி எடுத்து, அடுக்கு அடுக்காக அளந்தார்கள். பழைய பனியில் ஈயம் மிகச் சொற்பம். பெட்ரோலில் ஈயம் கலக்கத் தொடங்கிய காலத்துக்குப் பிந்திய பனியில் அது மளமளவென்று ஏறியிருந்தது.

1966-ல் அமெரிக்க செனட் கமிட்டி முன்னால் கீஹோவும் பாட்டர்ஸனும் சாட்சி சொன்னார்கள். உண்மையைச் சொன்னதற்குப் பாட்டர்ஸன் விலை கொடுத்தார். ஆராய்ச்சிக்கு வந்த எண்ணெய்க் கம்பெனிகளின் பணம் நின்றது. 1971-ல் தேசிய விஞ்ஞான சபை காற்றிலுள்ள ஈயத்தைப் பற்றி ஆராய நிபுணர் குழு அமைத்தபோது, அந்த விஷயத்தில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லாதிருந்தும், அவரைச் சேர்க்கவில்லை.

ஆனால் கதையை முடித்துவைத்தது அவருடைய நியாயம்தான் என்று சொல்ல எனக்கும் ஆசை. உண்மையில் ஈயத்துக்கு முதல் அடி விழுந்தது வேறு திசையிலிருந்து. 1970-ல் அமெரிக்காவில் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. கார்ப் புகையில் உள்ள கரியமில நஞ்சையும் எரியாத பெட்ரோலையும் குறைத்தாக வேண்டும். அதற்காக 1975-ம் வருஷத்து மாடல்களில் புகைக் குழாயில் பிளாட்டினம் பூசிய ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். பிளாட்டினம் நச்சுப் புகையை எரித்துத் தீங்கில்லாத வாயுவாக மாற்றும். ஆனால் ஈயம் பட்டால் பிளாட்டினம் செத்துவிடும். ஆகையால் ஈயம் இல்லாத பெட்ரோல் வேண்டும் என்று கேட்டது, ஈயத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த அதே ஜெனரல் மோட்டார்ஸ்! குழந்தையின் மூளைக்கு ஆகாது என்று ஐம்பது வருஷம் சொல்லியும் நகராத மலை, பிளாட்டினத்துக்கு ஆகாது என்றதும் நகர்ந்துவிட்டது.

மூளையைப் பற்றிய ருசு 1979-ல் வந்தது. ஹெர்பர்ட் நீடில்மன் என்ற டாக்டர், பாஸ்டனை அடுத்த ஊர்களில் பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து, அவற்றில் உள்ள ஈயத்தை அளந்தார். பல்லில் ஈயம் அதிகமுள்ள குழந்தைகள், வெளிப்பார்வைக்கு எந்த நோயும் இல்லாமலே, அறிவுச் சோதனையில் பின்தங்கினார்கள். வகுப்பில் கவனம் நிற்காதவர்கள் என்று ஆசிரியர்கள் குறித்தவர்களும் அவர்களே. அதற்குள் பெட்ரோலில் ஈயம் குறையத் தொடங்கியிருந்தது. 1976-க்கும் 1980-க்கும் இடையில் அமெரிக்கர் இரத்தத்தில் இருந்த சராசரி ஈயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பெட்ரோலில் எவ்வளவு குறைந்ததோ, நிழல் போல இரத்தத்திலும் குறைந்தது. இதைவிட வேறென்ன ருசு வேண்டும்?

அமெரிக்கா 1996-ல் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோலை முழுக்க நிறுத்திற்று. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நாலு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000-ம் வருஷம் பிப்ரவரி முதல் தேதியிலிருந்து தேசம் முழுவதும். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்திற்று. டேட்டன் பங்கில் முதல் காலன் விற்றதிலிருந்து ஏறக்குறைய நூறு வருஷம். பிஸ்டன் எஞ்சின் வைத்த சிறு விமானங்களின் பெட்ரோலில் மட்டும் ஈயம் இன்னும் தொடருகிறது.

*

மிட்ஜ்லியின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். ஈயத்தோடு அவர் நிற்கவில்லை. குளிர்ப்பெட்டிகளுக்கு வேண்டிய ஃப்ரியான் வாயுவைக் கண்டுபிடித்து, 1930-ல் விஞ்ஞானிகள் சபையில் அதைத் தாமே உள்ளே இழுத்து, ஊதி, மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். பின்னாளில் ஆகாயத்தின் ஓஸோன் போர்வையை அரித்தது அந்த வர்க்கத்து வாயுதான். 1940-ல் இளம்பிள்ளை வாதம் கண்டு கால்கள் விழுந்தன. படுக்கையிலிருந்து தாமே எழுந்துகொள்வதற்காகக் கயிறும் கப்பியும் வைத்து ஒரு சாதனம் செய்தார். 1944 நவம்பர் 2-ந் தேதி அந்தக் கயிற்றிலேயே கழுத்து இறுகி இறந்து கிடந்தார். வயது 55. விஞ்ஞான உலகம் பதக்கங்களோடு அவரை வழியனுப்பிற்று.

அவர் ராட்சஸர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு தடவையும் தம் உடம்பையே முன்னால் நிறுத்திக் காட்டியவர். அங்கேதான் தவறும் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு திடகாத்திரமான மனிதன் ஒரு நிமிஷம் முகர்ந்து பிழைத்துவிட்டான் என்பது, ஒரு குழந்தை பத்து வருஷம் சுவாசித்தால் பிழைக்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

என் சித்தப்பாவின் பிள்ளையைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். அவன் என்னைவிட இரண்டு வயது சின்னவன். பிறந்ததிலிருந்து அந்த ஷெட்டில்தான் வளர்ந்தான். முன்னால் மெயின் ரோடு. அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. வாய்ப்பாட்டை மாலையில் சொல்லுவான், காலையில் மறந்துவிடும். வாத்தியார் அடித்தார், சித்தப்பா அடித்தார். 'மக்கு' என்று எல்லோரும் கூப்பிட்டோம். நானும் கூப்பிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்று, இன்று அதே ஷெட்டை நடத்துகிறான். நல்லவன்; என்னைக் கண்டால் இப்போதும் "அண்ணே, டீ சாப்பிடுங்க" என்று ஓடி வருவான்.

ஈயம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தனி ஒரு குழந்தையைக் காட்டி அப்படிச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஆயிரம் குழந்தைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கள்ளன் தென்படுவான். ஒரு வீட்டில் நின்று பார்த்தால், பிள்ளை மக்கு, அவ்வளவுதான். நிரூபித்துக் காட்டுங்கள் என்று கீஹோ நாற்பது வருஷம் தைரியமாகக் கேட்க முடிந்தது இதனால்தான். நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: அவனை அப்படிக் கூப்பிட்டிருக்க வேண்டாம்.

சென்ற மாதம் திருச்சிக்குப் போயிருந்தேன். போகிற வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். நம் நாட்டில் 2025-ல் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எதனால், அதாவது கரும்பிலும் தானியத்திலும் வடித்த ஆல்கஹால், கலந்தாயிற்று. மைலேஜ் குறைகிறது, பழைய வண்டிக்கு ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம் ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். எரிபொருளில் எதைக் கலந்தாலும் கேட்கத்தான் வேண்டும். 1921-ல் மிட்ஜ்லி ஓட்டிக் காட்டிவிட்டு ஒதுக்கி வைத்த சரக்கு, நூறு வருஷம் சுற்றிக்கொண்டு பங்குக்கு வந்து சேர்ந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஷெட்டில் வேப்பமரம் இருக்கிறது. தம்பி ஒரு ஸ்கூட்டரின் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, பழைய வழக்கப்படி தகர டப்பாவின் பக்கம் கையை நீட்டினான். பக்கத்தில் அவனுடைய ஆறு வயதுப் பெண் அப்பாவைப் போலவே கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பெட்ரோல் வேண்டாம்டா. கொஞ்சம் மண்ணெண்ணெய்ச் சோப்பு வாங்கி வைக்கக் கூடாதா?" என்றேன்.

"அதுல இப்ப ஈயமெல்லாம் கிடையாதாமே அண்ணே. நீங்கதானே போன தடவை சொன்னீங்க" என்றான்.

அவனுக்கு மறக்கவில்லை. "ஈயம் இல்லே. ஆனா வேற என்னென்னவோ இருக்கு" என்றேன். அவன் சிரித்துவிட்டு, குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், குழாயடியில் சோப்புப் போட்டு இருவர் கையையும் கழுவினான்.